ஆறில் நான்கு பெண்களுடையது

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-19ல் கல்லூரி விளையாட்டுகளில் ஆறு தேசிய அணிப் பட்டங்களை வென்றதை உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் எவை என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். பெண்கள் வாலிபால், நீச்சல், டென்னிஸ், வாட்டர் போலோ. ஆண்களில் ஜிம்னாஸ்டிக்ஸ், கோல்ஃப். அதாவது ஆறில் நான்கு பெண்களுடையது. அமெரிக்கர்கள் உயிரை விடும் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் இதில் இல்லவே இல்லை! பல விளையாட்டுகளின் புள்ளிகளைக் கூட்டித் தரும் டைரக்டர்ஸ் கோப்பை அந்த ஆண்டு தொடர்ந்து 25வது முறையாக அவர்களிடம் போனதற்கும் இந்தப் பரவல்தான் காரணம்.

அப்புறம் நடந்ததைக் கட்டுரை தொடவே இல்லை. மறு ஆண்டே, 2020 ஜூலையில், அதே நிர்வாகம் செலவைக் காட்டி 11 விளையாட்டுகளை மூடப்போவதாக அறிவித்தது. அதில் மல்யுத்தமும் ஒன்று. ஸ்டான்ஃபோர்டு மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித், அதற்கு எதிர்ப்பாக, 2021ல் பல்கலைக்கழகப் பெயரே இல்லாத கறுப்பு உடையில் இறங்கித் தேசியப் பட்டம் வென்றார். அந்த மே மாதமே நிர்வாகம் முடிவைத் திரும்பப் பெற்றது. ஆறு கோப்பைகளைவிட எனக்கு அந்தக் கறுப்பு உடைதான் நினைவில் நிற்கிறது.