ரெண்டு மேட்ச் தடை

ஒரு ஆட்டக்காரர் தான் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணை லிஃப்ட்டுக்குள் வைத்து ஒரே குத்தில் நினைவு தப்பி விழ வைக்கிறார். அதற்கு ரெண்டு மேட்ச் தடை. ஆறு வாரம் கழித்து அதே குத்துக்காக அவருடைய வேலையே போகிறது. இடையில் அவர் இன்னொரு தடவை கை ஓங்கவில்லை. புதிதாகச் சாட்சி யாரும் வரவும் இல்லை. ஊர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டது, அவ்வளவுதான்.

ரே ரைஸ் விவகாரத்தைத்தான் சொல்கிறேன். 2014-ல் நடந்தது. அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் (ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்களே, அந்த ஆட்டம்) எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் குடும்ப வன்முறையை விளையாட்டு லீக்குகள் எப்படிக் கையாள்கின்றன என்று பேச்சு வந்தால் நான் இங்கேதான் வந்து நிற்பேன். யார் எப்போது என்ன தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது இந்த ஒரு விவகாரத்தில் காகிதத்திலேயே இருக்கிறது.

பிப்ரவரி 15, அட்லாண்டிக் சிட்டியில் ஒரு சூதாட்ட விடுதி. ரைஸ் அப்போது பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் நட்சத்திரம். அதற்கு முந்தைய வருஷம்தான் அந்த அணி லீக்கின் பெரிய கோப்பையான சூப்பர் பௌல் ஜெயித்திருந்தது. நாலு நாள் கழித்து முதல் வீடியோ வெளியே வந்தது. லிஃப்ட் கதவு திறக்கிறது, நினைவில்லாமல் கிடக்கும் பெண்ணை அவர் இழுத்து வெளியே போடுகிறார். உள்ளே நடந்தது அதில் இல்லை. ஆனால் போலீஸ் பதிவு செய்த புகாரிலேயே, கையால் அடித்து நினைவிழக்கச் செய்தார் என்று இருந்தது. லிஃப்ட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை.

மார்ச்சில் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) குற்றம் சாட்டியது. மறுநாளே இருவருக்கும் கல்யாணம். மே மாதம் வழக்கு விசாரணைக்குப் போகாமல், திருந்துவதற்கான ஒரு திட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அந்த மே மாதத்தில்தான் அணி ஒரு பிரஸ் மீட் வைத்தது. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில். அன்றிரவு நடந்ததில் தன்னுடைய பங்குக்காக அவர் ஆழ்ந்து வருந்துகிறார் என்று அணியின் ட்விட்டர் கணக்கில் போட்டார்கள். வருந்தியது குத்து வாங்கியவர்! அதை அழிக்க அவர்களுக்குச் செப்டம்பர் வரை ஆனது.

ஜூனில் லீக் தலைவர் ரோஜர் குடெல் நியூயார்க் அலுவலகத்தில் விசாரித்தார். அறையில் அடித்தவர் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அணியின் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். லீக்கின் அதிகாரிகள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அந்தப் பெண். இத்தனை பேர் முன்னால் அவர் என்ன சொல்லிவிட முடியும்? மாமனார் வீட்டுத் திண்ணையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "நீயே சொல்லும்மா, அவன் உன்ன நல்லா வச்சுக்கலையா?" என்று கேட்கிற பஞ்சாயத்துக்கும் இதற்கும் ஏசி ஒன்றுதான் வித்தியாசம்.

ஜூலை 24 அன்று ரெண்டு மேட்ச் தடை அறிவித்தார்கள். அதே கோடையில் கஞ்சா பரிசோதனையில் திரும்பவும் மாட்டிய ஜோஷ் கார்டன் என்ற வீரருக்கு ஒரு முழு சீசன் தடை (பிறகு பத்து ஆட்டமாகக் குறைத்தார்கள்). ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 28-ல் குடெல், தான் சரியாகச் செய்யவில்லை என்று அணி உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார். இனி முதல் தடவைக்குச் சம்பளமில்லாமல் ஆறு ஆட்டம், மறுபடி செய்தால் லீக்கைவிட்டே வெளியே என்று புது விதியும் வந்தது.

செப்டம்பர் 8 அன்று லிஃப்ட்டுக்குள் இருந்த கேமராவின் காட்சி வெளியானது. அன்றைக்கே அணி அவரை நீக்கியது, லீக் காலவரையற்ற தடை போட்டது. "எங்களிடம் சொன்னது வேறு, வீடியோவில் இருப்பது வேறு" என்பதுதான் லீக்கின் சமாதானம். ரைஸ் மேல்முறையீடு போனார். நவம்பர் கடைசியில் முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் தடையை ரத்து செய்தார். ரைஸ் லீக்கை ஏமாற்றினார் என்பதை அவர் ஏற்கவில்லை. ஏற்கனவே தெரிந்த ஒன்றுக்கு இரண்டாவது தண்டனை கொடுத்தது தன்னிச்சையானது என்றார்.

இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும், ரைஸ் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை. லீக்கின் ஜாதகத்தையே அந்த அம்மா ஒரு தீர்ப்பில் படித்துவிட்டார். அவர்கள் தண்டித்தது தங்களுக்கு வந்த அவமானத்தை. குத்துக்கான விலையை ஜூலையிலேயே ரெண்டு மேட்ச் என்று போட்டு முடித்திருந்தார்கள்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? அந்த ரெண்டு மேட்ச் தடை வந்த சில நாளில் பால்டிமோர் மைதானத்தில் பயிற்சிக்கு வந்த ரைஸுக்கு ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செப்டம்பரில் அதே மைதானத்தில், அவர் பெயர் போட்ட ஜெர்ஸியைக் கொடுத்துவிட்டு வேறு வீரரின் ஜெர்ஸி வாங்கிக்கொள்ள ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். கைதட்டிய ஆட்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் இருந்தார்களோ!

வீடியோ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோஷ் பிரவுன் கதை. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் கிக்கர், அதாவது பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் வீரர். மனைவியைத் தாக்கியதாக 2015 மே மாதம் கைதானார், வழக்கு நிற்கவில்லை. 2016 ஜனவரியில் ஹவாயில் நட்சத்திர ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது, மனைவியையும் பிள்ளைகளையும் லீக்கின் பாதுகாப்பு ஆட்களே வேறு ஹோட்டலுக்கு மாற்றிக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அதாவது லீக்கின் சொந்த ஊழியர்கள் கண்ணால் பார்த்த விஷயம். அதற்கப்புறமும் அணி அவரோடு புது ஒப்பந்தம் போட்டது. அந்த ஆகஸ்டில் லீக் கொடுத்த தடை ஒரே ஒரு ஆட்டம்! ஆறு ஆட்டம் என்ற விதி வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்டோபரில் போலீஸ் ஆவணங்கள் வெளியே வந்தன, மனைவியைக் கொடுமைப்படுத்தியதை அவரே கைப்பட ஒப்புக்கொண்ட எழுத்து உட்பட. அதற்குப் பிறகுதான் அணி அவரைக் கழற்றிவிட்டது. அவர் ஒப்புக்கொண்டது எங்களுக்கு முன்பே தெரியும், எந்த அளவுக்கு என்பதுதான் தெளிவில்லை என்று உரிமையாளர் ஜான் மேரா ரேடியோவில் சொன்னார். எந்த அளவைத் தாண்டினால் கணக்கில் வரும் என்று யாராவது அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பேஸ்பால் பக்கம் போனால் வேறு மாதிரி. அங்கே 2015 ஆகஸ்டில் லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்தே ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்காவிட்டாலும் லீக் தனியாக விசாரித்துத் தண்டிக்கலாம். காகிதத்தில் நல்ல கொள்கைதான். அதன்படி முதலில் தடை வாங்கியவர் ஆரோல்டிஸ் சாப்மன், மணிக்கு நூறு மைலுக்கு மேல் பந்து வீசுகிறவர். காதலியின் கழுத்தை நெரித்தார், கார் ஷெட்டில் எட்டு முறை துப்பாக்கியால் சுட்டார் என்பது புகார். சாட்சியங்கள் முரண்படுகின்றன என்று வழக்குப் போடவில்லை. முப்பது ஆட்டம் தடை வந்தது.

தடையைவிட அதற்கு முன்னால் நடந்த வியாபாரத்தைப் பாருங்கள். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2015 டிசம்பரில், யாங்கீஸ் அணி அவரை வாங்கிப் போட்டது. நிலைமை காரணமாக விலை இறங்கியிருந்தது என்பதை அந்த அணியின் பொது மேலாளரே மறைக்கவில்லை. ஏழே மாதத்தில் நல்ல விலைக்குச் சிகாகோ கப்ஸுக்குக் கைமாற்றினார்கள். கப்ஸ் 108 வருஷம் கழித்துக் கோப்பை வென்றது. டிசம்பரில் யாங்கீஸ் திரும்பவும் அவரை அழைத்து ஐந்து வருஷத்துக்கு 8.6 கோடி டாலர் கொடுத்தது. ஒரு பெண் கொடுத்த புகார் இவர்களுக்குச் சீசன் கடைசித் தள்ளுபடி.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ராபர்ட்டோ ஓசுனா என்ற பந்து வீச்சாளர் குடும்ப வன்முறைப் புகாரில் 75 ஆட்டத் தடையில் இருக்கும்போதே அவரை 2018 ஜூலையில் வாங்கியது. சகிப்பே கிடையாது என்று கொள்கை பேசிய அணி, அது எங்களிடம் வருவதற்கு முன் நடந்தது என்று விளக்கம் சொன்னது. அடுத்த வருஷம் அக்டோபரில் அணி இறுதிச் சுற்றுக்குப் போன ராத்திரி, உடைமாற்றும் அறையில் கொண்டாட்டம். உதவிப் பொது மேலாளர் பிராண்டன் டாப்மன் அங்கே நின்றிருந்த மூன்று பெண் நிருபர்களைப் பார்த்து, ஓசுனாவை எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று கெட்ட வார்த்தையோடு திரும்பத் திரும்பக் கத்தினார். அதில் ஒருவர் கையில் குடும்ப வன்முறை விழிப்புணர்வுப் பட்டை. செய்தி வெளியானதும் அணி முதலில் செய்த காரியம், அது கட்டுக்கதை என்று அறிக்கை விட்டது. மற்ற நிருபர்களும் சாட்சி சொன்ன பிறகுதான் அவரை நீக்கினார்கள்.

கிரிக்கெட் ரசிகர்கள் மேலே ஏறி நிற்க வேண்டாம். வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் லெஸ்லி ஹில்டன் மனைவியைச் சுட்டுக் கொன்றதற்காக 1955 மே 17-ல் ஜமைக்காவில் தூக்கிலிடப்பட்டார். தூக்குமேடை ஏறிய ஒரே டெஸ்ட் வீரர். அவர் சிறையில் இருந்தபோது பார்படாஸ் டெஸ்டில் ஹோல்ட் என்ற ஆட்டக்காரர் கேட்ச்சுகளைத் தவறவிட, ஹோல்ட்டைத் தூக்கில் போடு, ஹில்டனைக் காப்பாற்று என்று ரசிகர்கள் அட்டை பிடித்தார்கள். இன்றைக்கும் கிரிக்கெட் துணுக்குகளில் இதை வேடிக்கையாகத்தான் எழுதுகிறார்கள்.

இந்தியாவிலும் ஒன்று. 2018 மார்ச்சில் முகமது ஷமி மீது மனைவி குடும்ப வன்முறைப் புகார் சொன்னார், கூடவே பண விவகாரத்தில் சூதாட்டச் சந்தேகத்தையும் கிளப்பினார். ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். உண்மை என்ன என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை, கேள்வி கிரிக்கெட் வாரியத்தைப் பற்றியது. ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயரை நிறுத்தி வைத்த வாரியம், தன் ஊழல் தடுப்புப் பிரிவை விட்டு விசாரித்தது எதைத் தெரியுமா? சூதாட்டப் புகாரை மட்டும். அதில் ஒன்றுமில்லை என்று ரெண்டே வாரத்தில் அறிக்கை வந்தது, அன்றைக்கே பி பிரிவு ஒப்பந்தமும் வந்தது. சூதாட்டம் என்றால் அது வாரியத்தின் சொத்துக்கு ஆபத்து, மனைவியின் புகார் என்றால் அது அவர்கள் வீட்டு விஷயம்.

"கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும், லீக்குக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். குற்றம் நிரூபணமாகாமல் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கலாமா? ஆனால் இந்த வழக்குகள் கோர்ட்டில் நிற்காததற்குக் காரணம் எப்போதும் அடி விழாதது இல்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் கிரெக் ஹார்டி முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2014-ல் நீதிபதி குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னார். ஹார்டி ஜூரி விசாரணை கேட்டுப் போனார், அதற்குள் அந்தப் பெண் பணத் தீர்வு பெற்றுக்கொண்டு சாட்சிக்கு வரவில்லை, வழக்கு காலி. அடுத்த மாதமே டல்லாஸ் அணி அவரோடு ஒப்பந்தம் போட்டது.

ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. பதினோரு வருஷமோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு வந்தால் வீரர் வழக்கு முடியும்வரை கட்டாயம் வெளியே நிற்க வேண்டும். சம்பளம் முழுதாக வரும், பயிற்சிக்கும் போகலாம், மேட்ச் மட்டும் கிடையாது. ஜாக் டி பெலின் என்ற வீரர் இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். அவர் மேலிருந்தது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு. இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வராமல் 2021-ல் அரசுத் தரப்பே கைவிட்டது. இரண்டு சீசனுக்கு மேல் அவருக்குப் போனது போனதுதான். இந்த விலை சின்னது இல்லை, தெரியும். இருந்தாலும் இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். லீக் தலைவர் கண்ணுக்கு வீடியோ எவ்வளவு கோரமாகத் தெரிகிறது என்பதற்கு அதில் இடமில்லை.

சம்பளம் வரட்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆறு ஆட்டச் சம்பள வெட்டு என்பது அந்த வீட்டுக்குள் வரும் பணத்தில் வெட்டு. அமெரிக்கக் கால்பந்தில் பலருக்கு மூன்று நாலு வருஷத்தில் ஆட்டமே முடிந்துவிடும், பென்ஷன் உரிமைக்கே மூன்று சீசன் ஆடியிருக்க வேண்டும். ரெண்டாவது சீசனில் அடி வாங்கும் மனைவி கையில் குழந்தையோடு போனை எடுத்தால், அந்தக் கணக்கு மொத்தமும் அவர் தலையில்தான் விடியும். தண்டனையைக் கூட்டிக்கொண்டே போனால் புகார் குறையும். வன்முறை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் நான் கேட்பது: புகார் வந்தால் விசாரணை முடியும்வரை ஆட்டம் கிடையாது. சம்பளத்தில் ஒரு பங்கு நேராக மனைவி, பிள்ளைகள் பெயரில் போகட்டும். விசாரிப்பவர் லீக்கிடம் சம்பளம் வாங்காதவராக, அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசுபவராக இருக்கட்டும். தடையில் இருக்கும் வீரரை வாங்கவோ விற்கவோ அணிக்கு அனுமதி இருக்கக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைத்தான் எந்த அணி உரிமையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார். பேஸ்பாலில் லீக்கும் வீரர் சங்கமும் போட்டிருக்கும் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் சம்பள உச்சவரம்புக்குத்தான் மல்லுக்கட்டு இருக்கும். இந்த விஷயத்தை எடுத்துப் பேச அந்த மேசையில் யாருக்கும் லாபம் இல்லை.