வல்லரசுக்கெல்லாம் ரசிகர் மன்றம் எதுக்கு தம்பி?

கிருஷ்ணகிரியில் நான் பழகுகிற போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் தண்ணிபட்ட பாடு. சர்வதேச உறவுகள் என்று வந்துவிட்டால் மட்டும் ரஷ்யா நம்ம ஆளு, அமெரிக்கா மோசம், சீனா எதிரி என்று மூணே வரியில் பாடம் முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் எந்த மாநாடு எந்த ஊரில் நடந்தது என்கிற பட்டியல். கேட்டால் "அண்ணா, இதுதான் கேள்வியா வரும்" என்கிறார்கள். முதல்நிலைத் தேர்வில் வரலாம். முதன்மைத் தேர்வில் இதை வைத்துக்கொண்டு அரைப் பக்கம்கூட எழுத முடியாது.

எந்தத் தலைவர் யாரைக் கட்டிப்பிடித்தார் என்று பார்ப்பதை விடுங்கள். அந்த வருடம் அந்த நாட்டு கஜானாவில் காசு இருந்ததா, உள்ளூரில் என்ன நெருக்கடி, பக்கத்தில் யாரைக் கண்டு பயந்தார்கள், இதைப் பாருங்கள்.

இதற்கு வாஷிங்டன் வரை போகவேண்டாம், நம்ம ஊர் கோட்டை இருக்கிற சையத் பாஷா மலையை அண்ணாந்து பார்த்தாலே போதும். பிரெஞ்சுக்காரன் துணையை நம்பித்தான் திப்பு ஆங்கிலேயரோடு மோதினார். 1783-ல் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானமாகிவிட்ட செய்தி வந்ததும் பிரெஞ்சுப் படை ஒதுங்கிக்கொண்டது, மங்களூர் முற்றுகையில் திப்பு தனியாக நின்றார். அவர் அனுப்பிய தூதர்கள் 1788-ல் பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்து உதவி கேட்டார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குச் செலவழித்தே பிரான்ஸ் ஓட்டாண்டி ஆகியிருந்த நேரம், அடுத்த வருடமே அங்கே புரட்சி. எங்கிருந்து படை வரும்? 1791-ல் கம்பெனிப் படை நம்ம கோட்டையைத் தாக்கி, மேலே ஏற முடியாமல் திரும்பியது. சண்டை போட்டுப் பிடிக்க முடியாத அந்தக் கோட்டையை 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாரமகாலோடு (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம்) சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் நிலவரி வசூலிக்க வந்த கம்பெனி அதிகாரிகளில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. பாரீஸ் கஜானா காலியானதற்கும் தருமபுரி விவசாயியின் வரிக்கும் இவ்வளவுதான் தூரம்.

1962-ஐயும் 1971-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் 'நம்ம ஆளு' கதை அங்கேயே கழன்றுவிடும். 1962 அக்டோபர் 20-ல் சீனா தாக்கியது. மாஸ்கோ, அதாவது சோவியத் ரஷ்யா, அப்போது கியூபாவில் ஏவுகணை வைத்த விவகாரத்தில் அமெரிக்காவோடு மாட்டிக்கொண்டிருந்தது, சீனாவையும் பகைத்துக்கொள்ள முடியாது, 25-ம் தேதி சோவியத் கட்சிப் பத்திரிகை பிராவ்தா, சீனாவின் எல்லைச் சமரச யோசனைக்கு ஆதரவாகவே எழுதியது. நமக்கு ஆயுதம் அனுப்பியது கென்னடியின் அமெரிக்கா. (ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த நம்ம ராஜாஜி, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று சொல்ல 83 வயதில் இதே கென்னடியை நேரில் போய்ப் பார்த்தது அதற்கு முந்தைய மாதம்தான். இதை ஏன் நம்ம ஊர் மேடைகளில் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை.) ஒன்பது வருடம் கழித்து, 1971 வங்கதேசப் போரில், அதே அமெரிக்கா நம்மை மிரட்ட எண்டர்பிரைஸ் என்கிற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்புகிறது, ரஷ்யா ஐ.நா.வில் நமக்காக வீட்டோ போடுகிறது. நடுவில் என்ன நடந்தது? 1969-ல் உசூரி ஆற்றங்கரையில் ரஷ்யாவும் சீனாவும் சுட்டுக்கொண்டன. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாக பீஜிங் போனார். ஆகஸ்டில் நாம் சோவியத்தோடு ஒப்பந்தம் போட்டோம். பாசம் இருந்திருக்கலாம், கணக்கு கண்டிப்பாக இருந்தது.

இன்றைக்கு வாங்க. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி அமெரிக்கா நம் மீது கூடுதலாக 25 சதவீத வரி போட்டு மொத்தத்தை 50 ஆக்கியது. நம்மைவிட அதிகமாக ரஷ்ய எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு அப்போது அந்த அபராதம் போடவில்லை. காரணம் தேட போச்சம்பள்ளி, ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நண்பன் யாரிடமாவது மோட்டாரைப் பற்றிக் கேளுங்கள். உள்ளே இருக்கிற காந்தம் அரிய மண் தனிமத்தில் ஆனது, உலகத்துக்கே அதில் பெரும்பங்கு சீனாதான் தருகிறது. 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இங்கே வாகனக் கம்பெனிகள் தவித்தன, அமெரிக்காவின் கார் நகரம் டெட்ராய்ட்டும் தவித்தது. அந்தப் பிடி சீனாவிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. என் கணிப்பில் சீனாவை அந்த விஷயத்தில் தொடாமல் விட்டதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

சரி, தேர்வுக்கு நேரம் இருக்கிறவர்கள் 1962 அக்டோபரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்கோ, வாஷிங்டன், பீஜிங், டெல்லி என்று நாலு கட்டம் போட்டு, தேதிவாரியாக யார் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். எழுதியதை இன்பாக்ஸில் அனுப்பினால் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டுச் சொல்கிறேன்.