32 சுற்று சுற்றாத மாயா

பாலே என்றதும் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறார்கள். ரஷ்ய பாலே நடனக்காரர் மாயா பிளிசெத்ஸ்காயா ஆடினால் எனக்குக் கண் கையை விட்டு நகராது. தோளிலிருந்து விரல்நுனி வரை எலும்பு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

கோத்தகிரியில் பரதம் படிக்கும் என் அக்கா மகளுக்கு இது பிடிக்காது. "சித்தி, இது சர்க்கஸ். அபிநயம் எங்கே?" என்பாள். அவள்மேல் தப்பில்லை. ரீல்ஸில் வருவதெல்லாம் சாய்கோவ்ஸ்கி இசையமைத்த 'ஸ்வான் லேக்' பாலேவின் மூன்றாம் அங்கத்தில் கறுப்பு அன்னம் ஒற்றைக்காலில் 32 முறை சுழலும் துண்டுதான். 1895-இல் பியரினா லெக்னானி என்ற இத்தாலிக்காரர் பீட்டர்ஸ்பர்க்கில் அதைச் செய்துகாட்டினார். அன்றிலிருந்து எண்ணுவதே ரசனை என்றாகிவிட்டது. பிளிசெத்ஸ்காயாவோ அந்த 32-ஐ விட்டுவிட்டு மேடையைச் சுற்றி விறுவிறுவென்று ஒரு வட்டம் வந்துவிடுவார். எனக்கு அது தாராளமாகப் போதும்.

பரதத்தில் கால் தாளம் போடும், சலங்கை பேசும், பாட்டு கதை சொல்லும். பாலேவில் கால் சத்தமே கேட்கக்கூடாது. பாட்டும் இல்லை, ஜதியும் இல்லை. அவ்வளவு பாரமும் இசையின் தலையில். இரண்டாம் அங்கத்தில் வெள்ளை அன்னமும் இளவரசனும் ஆடும் இடத்தைக் கேளுங்கள். முதலில் ஹார்ப், பிறகு வயலின் தனியாக. கடைசிப் பகுதியில் வயலினின் பெரியண்ணன் போன்ற செலோ வந்து சேர்ந்துகொள்ளும். சாய்கோவ்ஸ்கி 'உந்தினா' என்று ஒரு ஓபரா, அதாவது பாட்டு நாடகம், எழுதி, பிடிக்காமல் அழித்துவிட்டார். அதிலிருந்த காதல் பாட்டைத்தான் இங்கே எடுத்துப் போட்டார். பெண் குரல் வயலின் ஆயிற்று, ஆண் குரல் செலோ ஆயிற்று. பேச்சே இல்லாமல் இரண்டு பேர் பேசுவது போல ஏன் இருக்கிறது என்பது இது தெரிந்தபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. 1877-இல் மாஸ்கோவில் முதலில் ஆடியபோது பாலே எடுபடவில்லை. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் பெதிபா, இவானோவ் என்ற இரண்டு நடன அமைப்பாளர்கள் 1895-இல் அமைத்தது. அப்போது சாய்கோவ்ஸ்கி உயிரோடு இல்லை.

பின்னால் நிற்கும் அன்னக்கூட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடும் நீலகிரிப் படகர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இத்தனை பேர் ஒரே அடி எடுத்துவைப்பதன் அழகை நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பிளிசெத்ஸ்காயாவை நான் முதலில் பார்த்தது 'சோவியத் நாடு' பத்திரிகையில் என்றுதான் நினைக்கிறேன். அந்த வழவழப்பான தாள்தான் அன்று எங்கள் நோட்டுகளுக்கு அட்டை. டிராக்டர், ராக்கெட், நடுவே ஒரு அன்னப் பெண். அந்தப் பத்திரிகை சொல்லாத கதை: 1938-இல் அவர் அப்பாவைச் சுட்டுக் கொன்றார்கள், அம்மாவைக் கைக்குழந்தையோடு முகாமுக்கு அனுப்பினார்கள். மாயாவை அநாதை இல்லத்துக்கு விடாமல் வளர்த்தவர் சித்தி சுலமீத் மெஸ்ஸரர், அவரும் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கத்து நடனக்காரர். (சித்திகளின் அருமை பற்றி அக்கா மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.) வெளிநாட்டுத் தலைவர்கள் மாஸ்கோ வந்தால் அதே அரசு இவர் ஆட்டத்துக்குத்தான் கூட்டிப்போகும். ஆனால் 1956-இல் போல்ஷோய் லண்டன் போனபோது இவரை அனுப்பவில்லை. அந்தக் கோபமெல்லாம் முதுகில் தெரியும். 'சாகும் அன்னம்' என்ற தனி ஆட்டத்துக்கு வரும்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருவார். முகம் தெரியாது, கைகள் மட்டும் அலை அலையாக. அபிநயம் முகத்தில்தான் இருக்க வேண்டுமா என்ன?

அந்த ஆட்டம் முதலில் அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய பாலே நடனக்காரருக்காக ஃபோகின் என்ற நடன அமைப்பாளர் அமைத்தது. செலோ இசை சான்-சான்ஸ் 1886-இல் எழுதியது. பாவ்லோவா பேரை எடுத்ததும் அக்கா மகள் கொஞ்சம் அடங்குவாள். ருக்மிணி தேவி பாலே கற்றது பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம். உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடுங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1936-இல் வந்த கலாக்ஷேத்திராவுக்குப் பின்னால் ஒரு அன்னமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். இந்த முறை போனைக் கவிழ்த்துவைத்து அந்த வயலின், செலோவை மட்டும் கேட்கவைக்கப் போகிறேன். படம் அப்புறம். அதுவரை கமெண்டில் யாரும் 32 சுற்று வீடியோ போட்டு என் பிழைப்பைக் கெடுக்காதீர்கள்.