"நானெண்டால் விட்டிட்டு வந்திருக்க மாட்டன்"

பேஸ்புக் நேரலையில் ஒரு அண்ணை இப்படிச் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். லிங்க் கேட்டு இன்பொக்சுக்கு வராதீர்கள், தர மாட்டேன். வயதுபோன தாயை விட்டிட்டு வந்த சனம் மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு விளக்கேற்றி என்ன பயனாம். ஆள் தொண்ணூறுகளிலேயே பிளேன் ஏறியவர்.

2009இல், வன்னியில் நடந்த இறுதிப்போரில், புதுமாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில், நடக்க ஏலாதவர்களை விட்டுவிட்டு வந்தவர்கள் ஒருவர் இருவரல்ல. இடுப்பில் கைக்குழந்தை, தோளில் காயப்பட்ட மகன். யாரை இறக்கி வைப்பது? பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே ஷெல் அடித்த அரச படையினர்தான் அந்த நிலைக்குத் தள்ளினார்கள். தப்பி ஓடிய சனத்தைச் சுட்ட புலிகள் இயக்கத்தவர்களும்தான். பழி மட்டும் விட்டுவிட்டு வந்தவர் தலையில்.

என் பெரியம்மா வலைஞர்மடத்தில் மாமியாரைத் தறப்பாளுக்குள் கிடத்தி, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் வைத்துவிட்டு வந்தவர். இன்றைக்கும் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது திடீரென்று கேட்பார்: "அந்த மூடியைத் திறந்து வச்சனானோ?" மாமியாருக்கு விரல் மடங்காது, மூடியைத் திருக ஏலாது. கிளினிக்கில் "நித்திரை வருகுதோ?" என்று கேட்டுக் குளிசை எழுதினார்கள். நித்திரை வருகிறது. கேள்வி அப்படியே கிடக்கிறது.

இது பயத்தால் வந்த வருத்தமில்லை. மனச்சாட்சியில் பட்ட காயம். ஜோனதன் ஷே என்ற அமெரிக்க உளமருத்துவர் வியட்நாம் போருக்குப் போய்வந்த படையினரிடம் இதைக் கண்டு எழுதினார். படையினருக்காவது மேலிடத்து உத்தரவு என்று சொல்ல ஒன்று இருந்தது. பெரியம்மாவுக்கு யார் உத்தரவு போட்டது?

"பழசைக் கிளறாதே" என்பீர்கள். கிளறியது நானா? "இயக்கத்தைக் கொச்சைப்படுத்துகிறாய்" என்று வருபவர்கள் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையை முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள். "உளவளத்துணைக்குக் கூட்டிப் போகலாமே" என்பது நியாயமான கேள்வி. போர் முடிந்த கையோடு வன்னியில் அந்த வேலைக்கு வடக்கின் மீள்குடியேற்றத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜனாதிபதி செயலணியிடம் அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. ரோட்டுப் போட்டார்கள். வெற்றித் தூபி கட்டினார்கள். சனத்தின் மனதுக்கு மட்டும் அனுமதியில்லை. சடங்காவது ஆற்றும் என்றால், உடலும் இல்லை, திதியும் தெரியாது. இறந்த நாளிலிருந்து எண்ணிச் செய்யும் அந்தியேட்டியை எந்த நாளில் செய்வது? ஐயரைக் கேட்டோம், அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

அண்ணை, பெரியம்மாவும் பேஸ்புக்கில் இருக்கிறார். பேத்தி போட்டுக்கொடுத்த கணக்கு. உங்கள் நேரலையைக் கடைசிவரை பார்த்தார். அன்றிரவு குளிசையும் வேலை செய்யவில்லை.

அந்த நேரலைக்கு ஹார்ட் போட்ட என் நண்பர்கள் விளக்கம் எழுத மினைக்கெட வேண்டாம். எல்லாரையும் நீக்கியாயிற்று.