கிழமை கேட்டுக் கைதட்டியவர்களுக்கு

நாவல் கூட்டத்து மேடையில் என் அத்தை தேதிகளுக்குக் கிழமை சொல்லும் அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். “உங்க அத்தை யாங்கூனோட கம்ப்யூட்டர்” என்று சிரிப்புப் பொம்மைகளோடு வருகிற வாழ்த்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் போட முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். விபிஎன் அறுந்து அறுந்து வருகிறது, பதிவு இரண்டு தடவை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் எதற்குக் கூட்டினார்கள்? நாவலைப் பற்றிப் பேச. நடந்தது எதையும் மறக்க முடியாத ஒரு பெண்ணின் கதை. வந்தவர்களில் எத்தனை பேர் படித்திருந்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பேச்சாளர் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், பக்கக் கணக்கு சொன்னாரே: “கடவுள் கொடுத்த வரத்தை வைத்துக்கொண்டு இந்தப் பொண்ணு முந்நூறு பக்கம் புலம்புது.” சபை சிரித்தது. அப்புறம், “நம்ம ஊரிலேயே ஒருத்தர் இருக்காங்க, அவங்க புலம்புறாங்களா பாருங்க” என்று அத்தையைக் கைப்பிடித்து மேடையில் ஏற்றினார்கள். ஆளாளுக்குப் போனில் காலண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தேதி கேட்டார்கள். அத்தை கிழமை சொல்லச் சொல்லக் கைதட்டல்.

ஒருவர் 1964 மே 17 என்று கேட்டார். தெரிந்து கேட்டாரா, வாயில் வந்ததைக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. பர்மாவில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த நாள் அது. மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் கையிலிருந்த நோட்டும் போயிற்று. அதற்குப் பிறகு நம் ஆட்கள் கப்பல் கப்பலாக ஊரைவிட்டுப் போனார்கள். அத்தைக்கு அப்போது பதிமூன்று வயது.

“ஞாயிற்றுக்கிழமை” என்றார் அத்தை. கைதட்டினார்கள். அத்தை நிறுத்தவில்லை. “அன்னைக்கு ராத்திரி அப்பா பெட்டியைத் திறந்து…” என்று ஆரம்பித்தார். மைக்கை வாங்கிவிட்டார்கள். “அம்மா, நல்ல நாளும் அதுவுமா சோகம் எதுக்கு, போண்டா ஆறிப்போகுது.” வீடியோவில் இந்த இடம் இல்லை, கைதட்டலோடு முடிகிறது. ரொம்ப அழகான வீடியோ.

என் கோபம் இதுதான், வேறு எதுவும் இல்லை: உங்களுக்குக் கிழமை வேண்டும், அந்தக் கிழமையில் நடந்தது வேண்டாம்.

“பெருமைப்படுத்தத்தானே செய்தோம், சால்வைகூடப் போட்டோமே” என்று ஓர் அண்ணன் போனில் வருத்தப்பட்டார். சால்வை நல்ல சால்வைதான், மறுக்கவில்லை. ஆனால் எதற்குப் பெருமை? அத்தை உழைத்துச் சம்பாதித்ததா இந்த ஞாபகம்? நாலு வரிப் பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், வராது. மூக்குக் கண்ணாடியைத் தினமும் தேடுகிறார். தன் வாழ்க்கையில் நடந்ததுதான் நாள் நாளாக அப்படியே இருக்கிறது. அன்று என்ன குழம்பு, யார் யாரை என்ன சொன்னார்கள், சொல்லும்போது முகம் எப்படி இருந்தது, எல்லாம். கேட்டால் வருகிறது என்றுதானே கைதட்டுகிறீர்கள்? கேட்காமலும் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது. அப்போது எந்தச் சபையும் பக்கத்தில் இல்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் ஜில் பிரைஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றித் தேடிப் பாருங்கள். இந்த மாதிரி ஞாபகத்தை முதலில் ஆராய்ந்து எழுதியதே அவரை வைத்துத்தான். கலிஃபோர்னியாவில் நினைவாற்றலை ஆராயும் ஜேம்ஸ் மெக்காவுக்கு அவர் 2000-இல் எழுதினார். பரிசு கேட்டு எழுதவில்லை, எனக்கு உதவ முடியுமா என்று கேட்டு எழுதினார். இது நிற்பதே இல்லை, என் கட்டுப்பாட்டில் இல்லை, களைத்துப்போகிறேன் என்றார். மெக்காவும் மற்றவர்களும் 2006-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் அவருக்கும் சரியாக வராதாம். இதைப் படித்தபோது எனக்கு அத்தையின் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

மேடை ஏற்றிப் பார்த்த கதையும் உண்டு. மாஸ்கோவில் ஷெரெஷெவ்ஸ்கி என்று ஒருவர், முதலில் பத்திரிகை நிருபர், பிறகு ஞாபக வித்தை காட்டுவதே தொழில். லூரியா என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார். முந்தின காட்சியில் பலகையில் பார்த்த எண்கள் அடுத்த காட்சியில் வந்து குறுக்கே நிற்கும். மறப்பதற்காக அவற்றைக் காகிதத்தில் எழுதி எரித்தே பார்த்தார். கரியிலும் எழுத்து தெரிந்ததாம். அவருக்கும் கைதட்டியிருப்பார்கள்.

அடுத்து மிங்குன் சயாடோ என்ற பர்மிய புத்த பிக்குவைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். எதிர்பார்த்தேன். இந்த ஊரில் ஞாபகம் என்று பேச்செடுத்தால் அவர் வராமல் இருக்க மாட்டார். 1954-இல் 16,000 பக்க பௌத்த நூல்களை மனப்பாடமாக ஒப்பித்தவர், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை. ஆனால் எதைப் படிக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்து, வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். திரிபிடகம் என்ற அந்த பௌத்த நூல்களில் அவருடைய அம்மா அவரைத் திட்டிய நாள் கிடையாது. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லும் வித்தை, செய்ததும் அப்படித்தான். பழகிய கலை. அவதானத்தில் முதுகில் விழும் கல்லையும் எண்ணவேண்டும், சரி. முடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

“அவங்க சொல்றது தப்பாகவும் இருக்கலாமே, ஆதாரம் இருக்கா?” என்று நன்கு படித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இருக்கலாம். இப்படிப்பட்ட ஞாபகம் உள்ளவர்களையும் நடக்காததை நடந்ததாக நம்பவைக்க முடியும் என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் தம்பி, அன்று யாரும் சந்தேகப்பட்டு மைக்கைப் பிடுங்கவில்லை. போண்டாவுக்காகப் பிடுங்கினார்கள்.

நாவல் வேறு, வாழ்க்கை வேறு என்பவர்களுக்கு: அந்த மேடையில் இரண்டையும் ஒன்றாக்கியது நானில்லை.

நான் ஏன் அப்போதே எழுந்து கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் வீட்டு விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவந்து கூட்டத்தைக் கெடுத்தான் என்று இதே ஆட்கள் எழுதியிருப்பார்கள். நம்ம சபையை எனக்குத் தெரியாதா?

சொந்தக்காரர்களும் இப்போது ரொம்ப நல்லவர்களாகிவிட்டார்கள். “அத்தை நம்ம குடும்பத்துப் பெருமை” என்று வீடியோவைப் பகிர்ந்தவர்கள், வருடத்தில் எத்தனை தடவை அந்த வீட்டுப் படி ஏறுகிறீர்கள்? திதி தெரியவேண்டும் என்றால் அத்தை. குடியுரிமைக் காகிதத்துக்கு, தாத்தா எந்த வருடம் வந்து இறங்கினார், பர்மா சுதந்திரம் அடைந்த 1948 ஜனவரி 4-க்கு முன்னாலா பின்னாலா என்று எழுதவேண்டும் என்றால் அத்தை. தேதியைக் குறித்துக்கொண்டு போனை வைத்துவிடுவீர்கள். கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். ஏன்? 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போனபோது, நோட்டை நம்பாமல் தங்கமாக வைத்திருந்தவர் அத்தை. யார் யார் வந்து கழற்றி வாங்கிப் போனீர்கள், எத்தனை பவுன், என்றைக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் கேட்டதில்லை. அவருக்கு மறக்கவில்லை என்பதுதான் உங்களுக்குப் பிரச்சினை.

சரி, பெட்டிக்கு வருகிறேன். போண்டா தின்று முடித்தவர்கள் கேளுங்கள். யாங்கூன் மொகல் ஸ்ட்ரீட் பக்கம் தாத்தாவுக்குச் சின்னக் கடை இருந்தது. பெரிய அத்தை கல்யாணத்துக்குச் சேர்த்தது அந்தப் பெட்டியில் நூறு கியாட் நோட்டாக இருந்தது. நகை அப்புறம் வாங்கலாம், இப்போது விலை அதிகம் என்று சொன்னவர் பாட்டி. அன்று ராத்திரி தாத்தா பெட்டியைத் திறந்தார், நோட்டை எண்ணினார், திரும்பி பாட்டியைக் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை. நல்ல மனிதர், கோயில் திருப்பணிக்கெல்லாம் கொடுத்தவர், ஊரில் அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பாட்டிகூடப் பிற்காலத்தில், “அப்படியா நடந்துச்சு?” என்று கேட்டார். அடி வாங்கியவரே மறந்துவிட்டார். அறை வாசலில் நின்று பார்த்த பெண்ணுக்கு இன்னும் ஆறவில்லை. அதைத்தான் சொல்ல வந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

நேற்று கூட்டக்காரர்களிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அடுத்த மாதமும் அத்தையைக் கூட்டி வரவேண்டுமாம், இளைஞர்களிடம் நல்ல வரவேற்பாம். இந்தத் தடவை சங்கடம் வராமல் ஜாலியான தேதிகளாகப் பார்த்துக் கேட்பார்களாம், முன்கூட்டியே அனுப்பியும் வைப்பார்களாம். வரமாட்டார். ஒரு காலண்டர் வாங்கி மேடையில் மாட்டிக்கொள்ளுங்கள், கிழமை சரியாகச் சொல்லும். போனதடவை போட்ட சால்வையை வேண்டுமானால் கொடுத்தனுப்புகிறேன், அதற்கே போர்த்திவிடுங்கள்.