ஆண்டான் விளக்கு

நான் வேலையை விட்டு வந்த கம்பெனியின் கேக் வெட்டும் வீடியோவை இதுவரை பதினான்கு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். 'சிறந்த பணியிடம்' பேனர், பலூன், பிளான்ட் ஹெட் கையில் மைக், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்." பின்னால் நின்று கைதட்டுகிறவர்கள் எல்லாம் நீலச் சட்டை. சாம்பல் சட்டை, அதாவது கான்ட்ராக்ட் ஆட்கள், ஒருவர்கூட ஃப்ரேமில் இல்லை. அவர்களுக்குக் கேக் கிடைத்ததா என்று கேட்டால் பொறாமை என்பீர்கள். சரி, கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. அதே வாரம் செகண்ட் ஷிஃப்ட்டில் உற்பத்தி லைனை நிறுத்திய பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்களே, அது எந்தக் குடும்பத்து வழக்கம்?

லைனில் ஆள் நின்று வேலை செய்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலைக்கு மேல் ஒரு விளக்கு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன் இருக்கும். பீஸில் கோளாறு தெரிந்தால் அழுத்தலாம். மஞ்சள் எரியும். கொஞ்ச நேரத்தில் சரியாகாவிட்டால் சிவப்பு, லைன் நின்றுவிடும். டொயோட்டாவில் வளர்ந்து உலகம் முழுக்கப் போன முறை இது. அதற்கும் மூலம் ஒரு தறிதான். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தவர் டொயோட்டா குழுமத்தை நிறுவிய சகிச்சி டொயோடா. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஷெட் போட்டு உட்கார்ந்துகொண்டு, தறிக் கதையை ஜப்பான்காரரிடமிருந்து ஸ்லைடு போட்டுக் கற்றுக்கொண்ட கம்பெனி எங்களுடையது! அறுந்த நூலோடு நெய்துகொண்டே போனால் சேலையே பாழ். அதனால் முதலில் நிறுத்து, ஏன் அறுந்தது என்று பார். டிரெய்னிங் ஹாலில் இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வெளியே வருவோம்.

அந்த விளக்குக்கு ஜப்பானியப் பெயர் 'ஆண்டான்'. அங்கே காகித லாந்தர் என்று அர்த்தமாம். எங்கள் ஷெட்டில் அது தமிழ் அர்த்தத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. சிவப்பு எரிந்தால் வருகிற முதல் கேள்வி "ஏன்" இல்லை. "யாரு அழுத்தினது?"

பதினோரு வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். காதால் மட்டும் இல்லை, வாயாலும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே கமெண்டில் எடுத்துப் போடுவீர்கள்.

2019-ல் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மாதக் கடைசி. மணிக்கு மணி எழுதுகிற போர்டில் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. புஷ் என்கிற உருளை வளையத்தை பீஸில் அழுத்தி மாட்டுகிற ஸ்டேஷனில் சிவப்பு. ஓடினேன். செய்யாறு பக்கத்துப் பையன், ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு வந்து மூன்றாவது நாள். "யாருடா அழுத்தினது?" என்று கத்தினேன். அவன் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பீஸை என்னிடம் நீட்டினான். புஷ் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஓரத்தில் நகக்கீறல் அளவுக்குப் பிசிறு. பீஸைப் பிடித்துக்கொள்கிற ஃபிக்ஸ்சரில் பின் தேய்ந்திருந்தது. அது மூன்று ஷிஃப்ட்டுக்கும் தெரியும். நைலான் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்து எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் புதுசு, அவனுக்கு அந்தத் தட்டை யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் கம்பெனி சுவரில் எழுதியிருந்ததை நம்பி அழுத்திவிட்டான்.

அடுத்த வாரம் பார்த்தேன். அவன் மேஜைக்குக் கீழேயும் ஒரு நைலான் சுத்தி.

இதைத்தான் நான் கலாசாரம் என்கிறேன். பேனரில் இருப்பது இல்லை, மேஜைக்குக் கீழே இருப்பது. தரம் என்றால் அமெரிக்கத் தர நிபுணர் டெமிங் பெயரைச் சொல்லாத மேனேஜர் இல்லை. அவர் சொன்ன பதினான்கு கொள்கைகளில் எட்டாவது, பயத்தை விரட்டு என்பது. பத்தாவது, தொழிலாளியைப் பார்த்து வாசகம் எழுதுவதை விடு என்பது. இந்த இரண்டை மட்டும் எங்கள் ஆட்கள் ஸ்லைடில் வேகமாகத் தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் ஜப்பானில் சரி, இங்கே நடக்குமா என்று கேட்காதீர்கள். பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே, தரத்துக்காக அவர் பெயரில் ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசை வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவதாக. ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான்.

இனி நீங்கள் கேட்பவற்றுக்கு வருகிறேன். "லைன் நின்றால் கஸ்டமர் டெபிட் போடுவான், தெரியுமா?" நம் பில்லில் பணத்தைப் பிடித்துக்கொள்வான், தெரியும். நிமிடக் கணக்கில் போடுவான். அந்த மெயிலுக்கெல்லாம் பதில் எழுதியவன் நான். கெட்ட பீஸ் அங்கே போய் மாட்டினாலும்தான் போடுவான். அடுத்தது.

"சங்கம் கிங்கம் என்று ஆரம்பித்தால் கம்பெனி வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும்." நான் சங்கம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, எடுத்தது நீங்கள். எடுத்ததால் சொல்கிறேன். 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதுதான் அதில் பெரிய பிரச்சினை. 2025 ஜனவரியில் பதிவும் ஆனது. எந்தக் கம்பெனியும் ஓடிவிடவில்லை.

"இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, வெளியே வந்ததும் பேசுகிறாயே." இதுதான் சுடுகிறது. சொல்லுங்கள் ஐயா, வீட்டு லோன் இருக்கிறவன், இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவன், உள்ளே இருந்துகொண்டு எப்படிப் பேசுவான்? ஒருமுறை பேசினேன். ரிவ்யூ மீட்டிங்கில், அந்தப் பின்னை மாற்றக் கேட்டு எழுதிய இண்டெண்ட் சீட்டு நாற்பது நாளாகக் கையெழுத்தாகாமல் கிடக்கிறது என்று சொன்னேன். பெரியவர் சிரித்தார். "உங்களுக்கு ஆட்டிட்யூட் பிரச்சினை இருக்கு தம்பி." அந்த வருட இன்க்ரிமெண்டிலும் சிரித்தார். உள்ளே பேசினால் ஆட்டிட்யூட், வெளியே பேசினால் துரோகம் என்றால் கேட்டில் நின்றா பேசுவது?

"சோறு போட்ட இடம், நன்றி வேண்டாமா?" என்று ஒரு அண்ணன். அண்ணா, சோறு அவர்கள் போடவில்லை, நான் சம்பாதித்தேன். தங்கச்சி கல்யாணத்தன்றும் காலை லைன் பிரச்சினைக்குப் போன் எடுத்திருக்கிறேன். மண்டபத்தில் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நன்றி என்பது ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற கன்வேயரா? கடைசி நாள், பதினோரு வருடமாகக் காலையில் "வணக்கம் சார்" சொன்ன அதே செக்யூரிட்டி அண்ணன் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். அவர் மேல் கோபம் இல்லை, அவருக்கு ஆர்டர். மூடியைத் திறக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே பாதித் தயிர் சாதம் இருந்தது. அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

மெமோ வாங்கிய அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்த பிறகு சேர்ந்தவள். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாளாம், இருபது வயதாம். 'உற்பத்திக்கு இடையூறு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பீஸில் என்ன கோளாறு என்று மெமோவில் ஒரு வரிகூட இல்லை என்கிறான் பார்த்தவன். ஏழு நிமிடம் நின்றதாம். கேக் வெட்டியதற்கு எத்தனை நிமிடம் லைன் நின்றது என்று போர்டில் யாராவது எழுதினீர்களா?

கம்பெனி பெயர் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள், சொல்லமாட்டேன். என் கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. முப்பது நாளில் தர வேண்டும் என்பது சட்டம், எனக்கு ஐந்தாவது மாதம் ஓடுகிறது. போன வாரம்கூட ஹெச்ஆருக்குப் போன் போட்டேன். "நம்ம ஆளு தானே சார் நீங்க, எங்க போயிடப் போகுது" என்றார்.