காம்போவைத் திட்டுவதற்கு முன் உங்கள் டெக்கைப் பாருங்கள்

மேஜிக்: த கேதரிங் கார்டு விளையாட்டில், பெரும்பாலும் நான்கு பேர் ஆளுக்கொரு டெக்கோடு (கார்டுக் கட்டு) மோதும் வகை கமாண்டர். அதில் யாராவது காம்போ (ஒன்றுசேர்ந்தால் ஆட்டத்தையே முடித்துவிடும் கார்டுகள்) போட்டு ஜெயித்தால் உடனே ஒரு புலம்பல் கிளம்புகிறது. "இதெல்லாம் ஒரு ஆட்டமா, நாங்க விளையாடவே இல்லையே!" எனக்கு இது ஒத்துவரவே இல்லை. தோற்ற மூன்று பேரின் டெக்கையும் பிரித்துப் பாருங்கள். மூன்றிலும் சேர்த்தே ரிமூவல் கார்டுகள் (எதிராளி இறக்கியதை அகற்றுபவை) பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். ஆட்டத்தைக் கெடுத்தது காம்போ இல்லை, தடுக்கிற வேலையை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு வந்த அந்த மூன்று டெக்குகள்தான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. இருவர் ஆட்டத்தில் என் ஒரு கார்டைச் செலவழித்து உங்கள் ஒரு கார்டை அழித்தால் சரிக்குச் சரி. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது நமக்கு மட்டும் ஆளுக்கொரு கார்டு போகிறது, வேடிக்கை பார்த்த இருவருக்கும் நஷ்டமே இல்லை. அடிக்கிற டெக்குக்கும் இதே கதி. ஆளுக்கு 40 லைஃப் (தீர்ந்தால் அவுட்), எதிரே மூன்று பேர், மொத்தம் 120. இருவர் ஆட்டத்தில் மிரட்டும் லைட்னிங் போல்ட் கார்டின் 3 டேமேஜ் இங்கே யாரையும் அசைக்காது. அடித்தாலும் லாபமில்லை, தடுத்தாலும் லாபமில்லை என்று நான்கு பேரும் மானா (கார்டை இறக்கக் கொடுக்கும் சக்தி) சேர்ப்பதிலும் கார்டு இழுப்பதிலுமே குறியாக இருந்தால் அந்தப் பந்தயத்தில் காம்போவைத் தவிர வேறு எது முந்தும்?

'கிரென்கோ, மாப் பாஸ்' என்ற காப்ளின் கார்டு ஒருவருக்குக் கமாண்டராக (அழித்தாலும் திரும்ப இறக்கக்கூடிய தலைமைக் கார்டு) வரும் மேஜையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மானா. அதை டேப் செய்தால் (பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்தினால்) எத்தனை காப்ளின் இருக்கிறதோ அத்தனை புதிதாக வரும். 1 இரண்டாகும், 2 நான்காகும், 4 எட்டாகும். ஆனால் ஹேஸ்ட் (காத்திருக்காமல் உடனே செயல்படும் திறன்) கொடுக்காதவரை, இறக்கிய டர்னிலேயே அதை டேப் செய்ய முடியாது. அவர் டர்ன் மறுபடி வருவதற்குள் மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு டர்ன் கிடைக்கிறது. ஒரே ஒரு வெள்ளை மானா இருந்தால் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் என்ற ரிமூவலைப் போட்டுக் கதையை முடிக்கலாம். திரும்ப இறக்க அவர் இரண்டு மானா கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இருந்தும் கையில் ஸ்வோர்ட்ஸை வைத்துக்கொண்டே பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கிறார்கள். அவரும் அப்படியே நினைக்கிறார். இரண்டு சுற்றில் காப்ளின் படை வந்து நிற்கும்போது சேமித்து வைத்த அந்த ஒரு கார்டால் என்ன பயன்?

சாங்குவின் பாண்டும் எக்ஸ்குவிஸிட் பிளட்டும் சேர்ந்த காம்போவும் இதே வகைதான். ஒன்று, எனக்கு லைஃப் ஏறினால் எதிராளிக்குக் குறைக்கும். மற்றது, எதிராளிக்குக் குறைந்தால் எனக்கு ஏற்றும். ஒருமுறை சுழல ஆரம்பித்தால் மூன்று பேரும் வரிசையாக அவுட். ஆனால் இரண்டுமே ஐந்து மானா எஞ்சான்ட்மென்ட் (மேஜையிலேயே தங்கி வேலை செய்யும் மந்திரக் கார்டு). முதலாவது இறங்கியதுமே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். 1993 ஆல்ஃபா காலத்திலிருந்தே இருக்கும் டிஸ்எஞ்சான்ட், இரண்டு மானாவில் அதை உடைத்துவிடும். விலையும் அதிகமில்லை. அதற்குக்கூட டெக்கில் இடமில்லை என்பவர் காம்போவைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லோருக்கும் கார்டு வாரி வழங்கும் குரூப் ஹக் டெக்குகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹவ்லிங் மைன் மாதிரி ஒரு கார்டு தரும் கூடுதல் கார்டு நால்வருக்கும் சமமாகத்தான் போகிறது, ஆனால் அதிகம் பலன் அடைபவர் இரண்டு குறிப்பிட்ட கார்டுகளைத் தேடிக்கொண்டிருக்கும் காம்போக்காரர்.

2024 செப்டம்பரில் மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் என்று மானாவை வேகமாகக் குவிக்கும் கார்டுகள் எல்லாம் கமாண்டரில் தடையானபோது வரவேற்றேன். 2025 பிப்ரவரியில் அறிவித்த ஐந்து ப்ராக்கெட் முறையும் (டெக்குகளைப் பலத்தின்படி ஐந்து படிகளாகப் பிரிப்பது) நல்லதுதான், ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி கிடைத்தது. ஆனால் உன் டெக் எவ்வளவு வேகம் என்று கேட்கும் அளவுக்கு, அடுத்தவரைத் தடுக்க என்ன கொண்டுவந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

டெக்கின் 100 கார்டில் குறைந்தது பத்தை ரிமூவலுக்கு ஒதுக்குங்கள். அதில் இரண்டு மூன்று ராத் ஆஃப் காட் மாதிரி மேஜையையே துடைப்பதாக இருக்கட்டும், அங்கே ஒரு கார்டுக்கு மூன்று பேரிடமிருந்தும் ஈடு கிடைக்கிறது. ஒற்றை ரிமூவலைப் போடும் முன் வாய் திறந்து பேரம் பேசுங்கள்: "கிரென்கோவை நான் பார்த்துக்கறேன், அடுத்த சுற்று நீங்க ரெண்டு பேரும் என்னை அடிக்கக் கூடாது." ஒத்துக்கொண்டால் இழந்த கார்டுக்கு ஈடு வந்துவிட்டது. ஒத்துக்கொள்ளாவிட்டாலும் போடுங்கள்.